தட்டுமுட்டும் அடைசலும்: இந்திய மொழிகளில் வீட்டுப் பொருட்சொற்களின் வரலாறு

ஆங்கிலத்தில் 'கிளட்டர்' எனப்படும் சொல்லை இந்திய மொழி எதிலேனும் பெயர்க்க முற்படுபவர் விரைவில் ஓர் இடர்ப்பாட்டை உணர்வர். குப்பை என்றால் அது கழிக்கப்பட்டதைக் குறிக்கும். ஒழுங்கின்மை என்றால் பொருள் மறைந்து நிலை மட்டுமே எஞ்சும். சாமான் என்றால் அளவு மிகுந்தது என்னும் குறிப்பு வாராது. ஒரு குடும்பம் வேண்டி வாங்கியும், பிறர் தரப் பெற்றும், கைவிட மனமின்றி வைத்தும், நாளடைவில் நடக்க இடமின்றித் திரண்டுவிட்ட பொருள்களை ஒரே பெயரால் சுட்டும் சொல் பல மொழிகளில் இல்லை. ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் இப்பொருளுக்கு உரியதன்று. குருதியோ பாலோ உறைந்து கட்டியாதலைக் குறித்த சொல்லின் திரிபே அது. எனவே 'எமக்குச் சொல் இல்லை' என்று வருந்துவதைவிட, இப்பொருட்புலத்தில் எத்தகைய சொற்கள் உள்ளன, அவை எக்காலத்து வாழ்க்கையிலிருந்து வந்தன என்று வினவுவதே பயனுடையது.

இணைமொழிகள்

இந்திய மொழிகளில் வீட்டுப் பொருள்களின் தொகுதியைக் குறிப்பவை பெரும்பாலும் தனிச்சொற்கள் அல்ல, இணைமொழிகளே. தமிழில் தட்டுமுட்டு, சட்டிபானை, பண்டபாத்திரம், மூட்டைமுடிச்சு. கன்னடத்தில் 'சாமானு சரஞ்சாமு'. தெலுங்கில் 'தட்டா புட்டா', 'பெட்டே பேடா'. மராத்தியில் 'பாண்டீ குண்டீ'. வங்காளத்தில் 'ஜினிஸ் பத்ர'. இவற்றோடு எதிரொலிச் சொற்களும் சேரும். சாமான் கீமான் என்று தமிழர் கூறுமிடத்தில் இந்தியினர் 'சாமான் வாமான்' என்பர். வங்காளியர் 'ஜினிஸ் டினிஸ்' என்பர். எமனோ 1956 இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் கண்டபோது, குடும்ப எல்லை கடந்து பரவிய கூறுகளுள் எதிரொலிச் சொல்லாக்கத்தையும் சேர்த்தார். இத்தகைய சொற்கள் 'இதுவும் இதுபோன்ற பிறவும்' என்று பொருள் தருவன. எண்ணி முடியாததை எண்ணாமலே குறிப்பன. வீட்டிலுள்ளவற்றைப் பட்டியலிடச் சலிப்புற்ற நாவுக்கு இவ்வமைப்பு மிகப் பொருந்தியது எனலாம்.

தட்டுமுட்டு என்பது இவற்றுள் தனியே ஆராயத்தக்கது. பேசுவோர் இதனைத் தட்டுதல், முட்டுதல் என்னும் வினைகளோடு இணைத்து, காலில் தட்டுவதும் தலையில் முட்டுவதுமாகிய பொருள்கள் என்று உணர்கின்றனர். மக்கள் கற்பித்த இச்சொற்பிறப்பு சுவையுடையது. ஆயினும் வரலாற்றுக்கு ஒத்ததன்று. 'முட்டு' என்பது தென்திராவிடத்தில் கருவியைக் குறித்த பழஞ்சொல். கன்னடத்தில் இப்பொருளில் அது தனித்தே வழங்கியது. தமிழிலும் மலையாளத்திலும் தொழிற்கருவியைக் குறிக்கும் பணிமுட்டு என்னும் தொடரில் அது தெளிவாக உள்ளது. ஆகவே தட்டுமுட்டு என்பது பொருளற்ற அடுக்கன்று. கருவித் தொகுதி என்னும் பொருளுடைய ஒரு கூட்டு. கருவி என்பது பயனால் பெயர் பெற்றது. அப்பெயர் பயன் மறைந்து, இடையூறாய்க் கிடப்பது என்னும் உணர்வை ஏற்றது எப்போது என்பதே வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய வினா.

இதற்கு ஒரு குறிப்பு வேறு வகை இணைமொழிகளில் கிடைக்கிறது. தமிழில் பெட்டி படுக்கை, இந்தியில் 'போரியா பிஸ்தர்' (பாயும் படுக்கையும்), தெலுங்கில் 'தட்டா புட்டா' ஆகியவை பெரும்பாலும் ஒரே வினையோடுதான் வரும்: கட்டுதல், எடுத்துக்கொள்ளுதல், கிளம்புதல். வீட்டில் இருக்கும்போது பொருள்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. வீட்டை விட்டுப் போகும்போதே அவை ஒரு தொகுதியாகின்றன. அத்தொகுதியின் அளவு ஒரு பாய், ஒரு கூடை, ஒரு மூட்டை. ஒருவர் தலையில் அல்லது ஒரு வண்டியில் அடங்கியதே குடும்பத்தின் உடைமை என்று இம்மரபுத்தொடர்கள் கருதின. பெரும்பான்மைக் குடிகளின் நிலை நெடுங்காலம் அதுவே.

சாமான் என்னும் கடன்சொல்

இன்று இந்தியா முழுவதும் வீட்டுப் பொருளைக் குறிக்கும் பொதுச்சொல் சாமான். பாரசீகத்தினின்று உருது, மராத்தி முதலியவற்றின் வழியே தமிழுக்கு வந்த ஆட்சித்துறை, படைத்துறைச் சொற்களோடு இதுவும் வந்தது. பாரசீகத்தில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் ஒழுங்கு, அமைதி, ஏற்பாடு என்பதாகும். 'சாமான் தாதன்' என்றால் ஒழுங்குபடுத்துதல், 'நாபசாமான்' என்றால் சீர்குலைந்தது. ஏற்பாடு என்பதிலிருந்து ஏற்பாட்டுக்கு வேண்டிய பொருள் என்றும், பின் பொருள் என்றும் அது இந்திய மண்ணில் பெயர்ந்தது. பாரசீகம் அறிந்த ஒருவர் காதில், 'வீடு முழுவதும் சாமான்' என்னும் தமிழ் வாக்கியம் 'வீடு முழுவதும் ஒழுங்கு' என்று ஒலிக்கக்கூடும். கன்னடத்தில் இதனோடு இணையும் சரஞ்சாமும் பாரசீகத்தில் முடிவு, நிறைவேற்றம் என்று பொருள்படுவதே. (தமிழ்ப் பேச்சுவழக்கில் சாமானுக்கு இடக்கர்ப் பொருளும் ஏறியுள்ளதால், உரையாடலைப் பெயர்ப்போர் இச்சொல்லை இடமறிந்து ஆளுதல் நலம்.)

வடமொழி 'பாண்ட' என்பதன் வரலாறு இதற்கு மறுதலை. அது கலத்தையும் குறித்தது, வணிகச் சரக்கையும் குறித்தது. தமிழில் பண்டம் என்றாகிப் பொருள், தின்பண்டம் என விரிந்தது. கருவூலமாகிய பண்டாரம் ஆண்டியையும் குறிக்கலாயிற்று. இப்பொருள் மாற்றம் தனிக்கட்டுரைக்கு உரியது.

பரணும் பீரோவும்

பொருளை வைக்கும் இடத்தின் பெயர்கள் மேலும் தெளிவான சான்று தருவன. தமிழில் பரண் என்பது தினைப்புனத்தில் கிளி ஓட்டுவோர் ஏறி நிற்கும் மேடை. வீட்டில் கூரைக்குக் கீழே பொருள் வைக்கும் தட்டும் அதுவே. மராத்தியின் 'மாளா', கன்னடத்தின் 'அட்ட' ஆகியவற்றிலும் இவ்விரு பொருளும் இணைந்தே உள்ளன. வேறு வேறு சொற்கள் வேறு வேறு மொழிகளில் ஒரே வழியில் பொருள் விரிந்திருப்பது தற்செயல் அன்று. விளைச்சலைக் காத்த மேடையே அறுவடைக்குப் பின் வீட்டுக்குள் வந்து விளைச்சலைத் தாங்கும் தட்டாயிற்று.

குதிர், பத்தாயம் முதலிய பிற சேமிப்புப் பெயர்களும் தானியம் பற்றியனவே. தானியத்திற்கு ஓர் இயல்புண்டு: அது உண்ண உண்ணக் குறையும். தை மாதத்தில் நிறைந்த குதிர் ஆடியில் அடி தெரியும். ஆகவே பழைய வீட்டின் சேமிப்புச் சொற்களுக்கு 'மிகை' என்னும் சிக்கல் எழவில்லை. குறையாத பொருள், அதாவது உடைந்த தறியும் ஒச்சமான நாற்காலியும் ஒரு காலத்து வானொலிப் பெட்டியும், பரணில் ஏறிய பின்னரே அச்சொல் 'எடுக்கப்படாத பொருள்களின் இடம்' என்று மாறியது. இன்று அடுக்ககங்களில் அது 'லாஃப்ட்' எனப் பெயர் பெற்று வேளாண்மைத் தொடர்பை முற்றிலும் இழந்துவிட்டது.

பூட்டி வைக்கும் மரப்பெட்டகம் போர்த்துகீசியர் வழி வந்தது. 'அர்மாரியோ' என்பது அலமாரி ஆயிற்று. அதனைத் திறக்கும் 'சாவெ' என்பது சாவி ஆயிற்று. இவ்விரு சொற்களும் இந்திய மொழிகள் பலவற்றில் பரவியதைத் தல்காதோ 1913 இல் வெளியிட்ட சொற்றொகுப்பு காட்டுகிறது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1936 இல் பரோடாவில் வெளிவந்தது. 'அர்மாரியோ' என்பதன் இலத்தீன் மூலம் கருவிகளையும் படைக்கலங்களையும் வைக்கும் இடம் என்று பொருள்படுவது. கருவியைக் குறித்த முட்டு தமிழில் அடைந்த நிலையையே ஐரோப்பியச் சொல்லும் வேறு வழியில் அடைந்தது.

மராத்தியும் குஜராத்தியும் இங்கு வேறு வழி சென்றன. கதவைக் குறித்த வடமொழிக் 'கபாட' என்னும் சொல் மராத்தியில் 'கபாட்' எனக் கதவுடைய அலமாரியைக் குறிக்கலாயிற்று, குஜராத்தியிலும் அவ்வாறே. தமிழில் கபாடம் கதவாகவே நின்றது. இந்தியில் பழம்பொருளைக் குறிக்கும் 'கபாட்' என்னும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இதனோடு வேறுபாடு தெரியாது. ஆனால் இந்திச் சொல்லின் ஈற்றில் உள்ளது நாமடி வருடொலி. குஜராத்தியில் உள்ளது நாமடி வெடிப்பொலி. எழுத்தொப்புமை கண்டு அலமாரியும் பழம்பொருளும் ஒரே வேரின என்று முடிவுகட்டுதல் தவறாகும், அம்முடிவு எவ்வளவு கவர்ச்சியாய் இருப்பினும்.

பிரெஞ்சு 'பியூரோ' முரட்டுத் துணியையும், அத்துணி விரித்த மேசையையும், மேசையுள்ள அலுவலகத்தையும் படிப்படியாகக் குறித்தது. தமிழ் அதனை எடுத்துத் துணியும் நகையும் வைத்துப் பூட்டும் பீரோ ஆக்கிக்கொண்டது. 1897 இல் பூட்டுத் தொழிலில் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் பின்னர் இரும்பு அலமாரி செய்ததும், மணமகளோடு 'கோத்ரெஜ் பீரோ' சென்றதும் இந்நூற்றாண்டுக்கு முந்தைய தலைமுறைகள் நன்கறிந்தவை.

பட்டியலிட்ட ஒரு குடும்பம்

உடைமைக்கு அளவு வேண்டும் என்னும் கருத்து இந்தியாவில் புதிதன்று. அதற்குத் தனிக் கலைச்சொற்களே உண்டு. 'பரிக்கிரகம்' என்பது சுற்றிலும் பற்றுதல். வடமொழியில் இச்சொல் உடைமையையும் குறிக்கும். மனைவியையும் குடும்பத்தையும்கூடக் குறிக்கும். சமணத் துறவிக்கு 'அபரிக்கிரகம்', அதாவது பற்றாமை, முழு நோன்பு. இல்லறத்தாருக்கோ அது அளவு வகுத்துக்கொள்ளுதல் மட்டுமே. தமிழ்ச் சமண வழக்கில் இது 'மிகுபொருள் விரும்பாமை' எனப்படும். பொருள் என்று நில்லாது மிகுபொருள் என்றமையால், எல்லை என்னும் கருத்து சொல்லுக்குள்ளேயே வந்தமைகிறது. அபரிக்கிரகத்தை எல்லா இடத்தும் 'உடைமையின்மை' என்று பெயர்ப்போர் இவ்வேறுபாட்டை இழக்கின்றனர்.

சுவேதாம்பரர் ஆகமத்தின் ஏழாம் அங்கமாகிய 'உவாசகதசாவோ' கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வலபியில் எழுத்துருப் பெற்றது. ஹோர்ன்லெ இதனை 1885 முதல் 1890 வரையான ஆண்டுகளில் கல்கத்தாவில் பதிப்பித்து ஆங்கிலத்திலும் பெயர்த்தார். இதன் முதல் கதை வைசாலியை அடுத்த வாணியகாமத்து ஆனந்தன் என்னும் செல்வனைப் பற்றியது. அவனது பொன் மூன்று கூறாகச் சொல்லப்படுகிறது: 4 கோடி புதையலாகவும், 4 கோடி வட்டிக்கும், 4 கோடி 'பவித்தர' என்பதிலும் இருந்தன. இம்மூன்றாவது சொல்லே கருதத்தக்கது. வடமொழியின் 'பிரவிஸ்தர' என்பதன் அர்த்தமாகதி வடிவம் அது; பரந்து விரிந்தது என்பது அதன் நேர்ப்பொருள். வீட்டையும் அதனைச் சார்ந்த உடைமைகளையும் 'பரவியது' என்று ஒரு மொழி பெயரிட்டிருப்பது, தமிழில் வீடு முழுக்க இறைந்து கிடக்கிறது என்று கூறும் வழக்கோடு ஒப்பிடற்பாலது. முன்னது செல்வத்தின் பெருமையாகவும் பின்னது குறையாகவும் கூறப்படுதலே வேறுபாடு.

மகாவீரர் முன்னிலையில் ஆனந்தன் அளவு வகுக்கிறான். பத்தாயிரம் பசுக்கள் கொண்ட மந்தைகள் நான்கு, ஏர்கள் ஐந்நூறு, பயணத்துக்கு வண்டி ஐந்நூறு, சுமைக்கு வண்டி ஐந்நூறு. இவற்றுக்கு மேல் வேண்டாம் என்கிறான். பின் நுண்பொருள்களுக்கு வருகிறான்: துவட்டும் துணி இன்ன ஒன்று, பற்குச்சி இன்னது, கனிகளுள் நெல்லி ஒன்றே, குளிக்க நீர் எட்டுக் குடம், காதணியும் பெயர் பொறித்த மோதிரமும் தவிர வேறு அணி இல்லை. ஒரு செல்வக் குடும்பத்தின் புழங்குபொருள்களை இவ்வளவு நுணுக்கமாக நிரல்படுத்திய பழைய நூல்கள் சிலவே. இதில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. ஒன்று, ஆனந்தன் கையிலிருந்த பெருஞ்செல்வத்தை விட்டானில்லை, இருப்பதோடு நிறுத்திக்கொண்டான். மற்றொன்று, அவன் சொற்படி மனைவி சிவநந்தையும் சென்று நோன்பு ஏற்கிறாள். ஆனால் கணவனின் பட்டியல் விரிவாக உள்ளவிடத்து, மனைவி எதை வைத்தாள், எதைத் தவிர்த்தாள் என்பது கூறப்படவில்லை. வீட்டுப் பொருளைக் கணக்கிடும் உரிமை யாருடையது என்னும் வினா அந்த மௌனத்திலேயே தொடங்குகிறது.

1901

அவ்வினா வெளிப்படையாகக் கேட்கப்பட்ட ஓர் இரவு காந்தியடிகளின் தன்வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1901 இல் தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியா திரும்பவிருந்த குடும்பத்திற்கு நேட்டால் இந்தியர் பொன், வெள்ளி, வைரப் பொருள்களைப் பரிசளித்தனர். அவற்றுள் கஸ்தூரிபாவுக்கு உரிய 50 கினி மதிப்புள்ள பொன் ஆரமும் ஒன்று. அவற்றைப் பொதுப்பணிக்கு ஒப்படைக்கக் காந்தியடிகள் முடிவு செய்தார், புதல்வர்கள் உடன்பட்டனர். கஸ்தூரிபா உடன்படவில்லை. வரப்போகும் மருமகள்களுக்கு என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். தமக்கு அளித்ததன் மேல் கணவருக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். அது கணவரின் தொண்டுக்கு வந்ததே என்னும் விடைக்கு, தாம் இரவு பகலாக உழைத்ததும் தொண்டே அன்றோ என்று மறுமொழி கூறினார். இவ்வாதத்திற்கு விடை கிடைத்ததாக நூல் காட்டவில்லை. எப்படியோ ஓர் இசைவு பெறப்பட்டது என்று மட்டுமே உள்ளது. 1896 இல் வந்த பரிசுகளும் சேர்த்து அறப்பத்திரம் எழுதப்பட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் ஜோகன்னஸ்பர்க்கில் கீதை பயில்கையில் அபரிக்கிரகம் என்னும் சொல் அவரைப் பற்றிக்கொண்டது. மனைவி மக்களும் உடைமையா, நூல்கள் நிறைந்த அலமாரிகளை அழிப்பதா என்ற ஐயங்கள் எழுந்தன. அவருக்கு வழிகாட்டியது வடமொழி உரை எதுவுமன்று. சட்ட மாணவராய் இருந்தபோது பயின்ற ஸ்நெல் எழுதிய ஆங்கில நூலில் வரும் 'டிரஸ்டி' என்னும் சொல்லே. பொருளைத் தன் ஆட்சியில் வைத்திருந்தும் தனதென்று கொள்ளாதவன் டிரஸ்டி. சமண, யோக மரபின் கலைச்சொல் ஒன்று ஆங்கில நடுநிலைச் சட்டத்தின் கலைச்சொல்லால் விளக்கம் பெற்று இந்திய மொழிகளுக்குத் திரும்பியது. தமிழில் அது 'தர்மகர்த்தா' ஆனபோது கோயில் நிருவாகத்தின் மணமும் ஏறியது. மூன்று சட்ட மரபுகள் ஒரு சொல்லில் கூடிய இடம் இது.

சட்டத்தின் பட்டியல்கள்

வீட்டுப் பொருளைச் சட்டம் வகைப்படுத்தியபோது முதலில் 'ஸ்தாவரம், ஜங்கமம்' என்றது. தமிழ்ப் பத்திரங்கள் பின்னர் 'அசையாச் சொத்து, அசையும் சொத்து' என்றன. ஆனால் ஒரு குடும்பம் இன்றியமையாது வைத்திருக்க வேண்டியது எது என்பதற்கு விடையளிப்பது 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவே. கடனுக்காகப் பற்றுகை செய்யக்கூடாதவற்றை அது கூறுகிறது: கடனாளி, மனைவி, மக்கள் ஆகியோருக்குத் தேவையான உடை, சமையற்கலம், படுக்கை; சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத அணி; கைவினைஞரின் கருவி. சட்டிபானை, பெட்டி படுக்கை, பணிமுட்டு என்னும் பழஞ்சொற்களின் உலகம் அப்படியே இங்குச் சட்டமாகியிருப்பதை மொழிநூலார் உணரலாம். சட்டம் அறிந்த கீழெல்லை அது. மேலெல்லை எதுவும் அது வகுக்கவில்லை.

வரதட்சணைத் தடைச் சட்டம் (1961) சார்ந்து 1985 இல் வகுக்கப்பட்ட விதிகள் மற்றொரு பட்டியலைக் கேட்கின்றன. மணமகள் பெற்ற பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகன் பெற்றவற்றை மணமகனும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரமும், தோராய மதிப்பும், அளித்தவர் பெயரும், உறவாயின் உறவும் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட வேண்டும். அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், பெண்ணின் சீதனம் கணவன் வீட்டில் நுழைந்ததனாலேயே கூட்டுச் சொத்தாகிவிடாது என்று தீர்ப்பளித்தது.

தமிழ்க் குடும்பங்கள் இதற்கு முன்பே ஒருவகைப் பட்டியலை உலோகத்தில் எழுதி வைத்திருந்தன. பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் தூக்கிலும் பெயர் வெட்டும் வழக்கம் அது. அளித்தவர் பெயரோ மணமகள் பெயரோ முதலெழுத்துகளோடு, சில இடங்களில் நாளோடும், புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்படும். ஒரே வீட்டில் ஐந்து குடங்கள் இருப்பதும், அவற்றுள் ஒன்றையும் விலக்க இயலாமையும் இவ்வெழுத்துகளால் விளங்கும். ஒன்று அத்தை கொடுத்தது. ஒன்று தாய்மாமன் சீர். ஒன்று இறந்த பாட்டியின் பெயர் தாங்கியது. புழக்கத்தில் தேவைப்படுவது ஒன்று. உறவுக்குத் தேவைப்படுபவை ஐந்து. குடும்ப உடைமையின் பெருக்கத்தை வணிகப் பெருக்கம் ஒன்றையே கொண்டு விளக்குவோர் பாத்திரத்தின் விளிம்பைப் படிக்கத் தவறியவர் என்றே சொல்ல வேண்டும்.

வெளியேறும் பொருள்

பொருள் வீட்டை விட்டு நீங்கும் வழிக்கும் ஒவ்வொரு மொழியிலும் தனிப்பெயர் உண்டு. இந்தியில் பழம்பொருள் வாங்குவோர் 'கபாடி', பழந்தாள் 'ரத்தி'. 'தள்ளப்பட்டது' என்னும் அரபு மூலத்தினின்று வந்தது ரத்தி. தமிழில் இரயில் ரத்து, ஒப்பந்தம் ரத்து என வழங்கும் சொல்லும் அதே மூலத்தது. கன்னடத்தில் 'குஜரி', மலையாளத்தில் 'ஆக்ரி', தமிழில் 'காயலான் கடை'. காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புடையது அப்பெயர் என்பர். மராத்தியில் 'போஹாரீண்' என்போர் பழந்துணி பெற்றுக் கலம் கொடுத்த பெண்கள். தமிழகத் தெருக்களிலும் பழைய துணிக்குப் பாத்திரம் என்னும் குரல் கேட்டதுண்டு. அவ்வணிகத்தில் பொருள் குறைவதில்லை. உருமாறி மீண்டும் உள்ளே வருகிறது.

மிகை பற்றிய எந்தப் பேச்சும் எல்லா வீடுகளுக்கும் பொருந்துவதன்று. வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, மிதிவண்டி முதலாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறித்த பொருள்களுள் ஒன்றும் இல்லாத குடும்பங்கள் 2001 இல் 34.5 விழுக்காடு, 2011 இல் 17.8 விழுக்காடு. அடைசல் பற்றிப் பெயர்க்கப்படும் நூல்கள் இவ்வீடுகளை நோக்கி எழுதப்பட்டவை அல்ல.

மொழிபெயர்ப்பாளருக்கு இப்புலம் தரும் சிக்கலுக்கு ஒரு சான்று போதும். பாலச்சந்திர நெமாடேயின் மராத்தி நாவல் 2010 இல் வெளிவந்தது. அதன் பெயர் 'ஹிந்து: ஜகண்யாசீ சம்ருத்த அடகள்' என்பதாகும். 'அடகள்' என்பது வேண்டாததாயினும் வீட்டைவிட்டு நீங்காத பொருள். அதற்கென்று மராத்தி வீடுகளில் ஓர் அறையே உண்டு. 'அடசண்', 'அடதளா' முதலிய மராத்திச் சொற்களில் தடை என்னும் பொருளில் வரும் 'அட' என்னும் ஒலி இதிலும் கேட்கிறது. இந்திப் பெயர்ப்பு இவ்விடத்தில் 'சம்ருத்த கபாட்' என்றது. அதனால் ஒரு நுட்பம் மாறிற்று: அடகள் இன்னும் வீட்டினுள் இருக்கிறது, கபாட் வாசலுக்கு வந்து கபாடியின் வண்டிக்குக் காத்திருக்கிறது. முன்னதை வைத்திருப்பவர் முடிவு செய்யவில்லை. பின்னதைப் பற்றி முடிவு செய்யப்பட்டுவிட்டது. நாவலின் பொருள் அம்முடிவு செய்யாமையில்தான் உள்ளது.

தமிழில் இதனைப் பெயர்ப்பதாயின் காயலான் சரக்கு என்னும் சொல் இந்தியின் பிழையையே செய்யும். தட்டுமுட்டு பொருள்களைக் காட்டும். அவை அடைத்துக்கொண்டிருக்கும் நிலையைக் காட்டாது. எஞ்சுவது பேச்சுவழக்கில் உள்ள அடைசல் என்னும் சொல். 'வீடு ஒரே அடைசலாக இருக்கிறது' என்னும்போது பொருளும் நெருக்கமும் ஒருங்கே பெறப்படுகின்றன. எதையும் வீசியெறிந்ததாகக் குறிப்பும் இல்லை. இதுவரை பெரும்பாலும் பெயரடையாகவும் வினையடையாகவும் வழங்கும் இச்சொல்லைப் பெயராக ஆளவும், சமிருத்தத்திற்கு ஈடாக 'வளமான' என்பதை அதன் முன் வைக்கவும் தமிழ் வாசகர் இசைவரா என்பது பெயர்ப்பு வெளிவந்த பின்னரே தெரியும்.